மலைநாட்டுப் பனியும் மார்கழி விடுமுறையும்

டிசம்பர் மாதம் பிறந்ததும் பாடசாலைகள் மூடப்படுகின்றன. பிள்ளைகளின் புத்தகப் பைகள் சுவரில் ஏறுகின்றன. வீட்டுப் பெரியோர் விடுமுறையை எங்கே கழிக்கலாம் என்று எண்ணத் தொடங்குகின்றனர். கண்டி நகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கை வளைந்து செல்லும் பள்ளத்தாக்கின் அயலிலே, பல்லேகல என்னும் ஊரில் வாழும் ஓர் இளங்குடும்பத்தை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவரலாம். தந்தை, தாய், ஏழு வயது மகள், இன்னும் ஓராண்டு நிறையாத கைக்குழந்தை ஆக நால்வர். நத்தார் வாழ்த்து மடல்கள் வந்திருக்கின்றன. மடல்தோறும் வெண்பனி மூடிய கூரைகளும், பனியிற் சறுக்கி விளையாடும் சிறுவர்களும் தீட்டப்பட்டுள்ளன. மடலைக் கையில் ஏந்திய சிறுமி, “அப்பா, நமது நாட்டிலே இப்படிப் பனி பெய்யாதா? நுவரெலியாவுக்குப் போனாற் பார்க்கலாமா?” என்று கேட்கிறாள். கேள்வி சிறிது, விடையோ சிறிதன்று. அதற்குள் வானியலும் புவியியலும் உடல்நலமும் உழைப்போர் வாழ்வும் ஒருங்கே அடங்கியுள்ளன.

முதலிற் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. தமிழிலே பனி என்னும் ஒரு சொல் பல பொருள்களைச் சுமந்து நிற்கிறது. விடியற்காலையிற் புல்நுனியில் முத்துப்போலத் தங்கும் நீர்த்துளியும் பனியே. மலைச்சரிவை மறைத்துக்கொண்டு ஊர்ந்துவரும் புகைபோன்ற மூட்டமும் பனியே. இமயத்தின் முடியில் என்றும் உறைந்து கிடப்பதும் பனியே. மார்கழியும் தையும் முன்பனிக் காலம் என்றும், மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்றும் நம் முன்னோர் ஆண்டைப் பகுத்தனர். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. இவையெல்லாம் பெரும்பாலும் பனித்துளியையும் குளிரையும் குறித்தவையே. ஆதலின், இன்று நூலாசிரியர்கள் இச்சொல்லைப் பிரித்து வழங்குகின்றனர். நீராய்த் தங்குவது பனித்துளி. காற்றில் மிதப்பது மூடுபனி. தரையிலும் இலையிலும் வெள்ளைப் பொடியாய் உறைவது உறைபனி. முகிலிலிருந்து பஞ்சுபோல விழுவது வெண்பனி. வாழ்த்து மடலிலே சிறுமி கண்டது வெண்பனி. நுவரெலியாவிலே அவள் காணக்கூடியது உறைபனி. இவ்விரண்டுக்கும் நிறம் ஒன்று, பிறப்பு வேறு.

வெண்பனி எவ்வாறு பிறக்கிறது? உயரத்தில் உள்ள முகில், பூச்சியப் பாகைக்குக் கீழே குளிர்ந்தபோதிலும், அதிலுள்ள நுண்ணிய நீர்த்துளிகள் யாவும் உடனே உறைந்துவிடுவதில்லை. எங்கேனும் ஒரு தூசித் துகளைப் பற்றிக்கொண்டு ஒரு பனிப்பளிங்கு தோன்றுமாயின், சுற்றியுள்ள நீராவி அதன்மேற் படிந்து படிந்து அதனை வளர்க்கும். அப்பளிங்கு பெரும்பாலும் ஆறு பக்கம் உடையதாகவே வளரும். நீரின் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாக அடுக்கப்படுவதே இதற்குக் காரணம். கோள்களின் இயக்கத்தை ஆராய்ந்த கெப்லர் என்னும் பேரறிஞர் 1611-ஆம் ஆண்டிலேயே பனித்துகளின் ஆறு மூலைகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அமெரிக்க நாட்டில் வெர்மாண்ட் மாநிலத்து உழவரான வில்சன் பென்ட்லி, உருப்பெருக்கியுடன் ஒளிப்படக் கருவியை இணைத்து, 1885-ஆம் ஆண்டிலே தனியொரு பனித்துகளைப் படம் பிடித்தார். ஜப்பானியப் பேராசிரியர் நாக்காயா உக்கிச்சிரோ, 1936-ஆம் ஆண்டில், ஹொக்கைடோ தீவிலுள்ள ஆய்வுகூடத்திலே அத்தகைய பளிங்கைச் செயற்கையாகவே வளர்த்துக் காட்டினார். குழந்தைகள் விளையாடும் வெண்பனி, அறிஞர்களின் உள்ளத்தையும் நூற்றாண்டுக் கணக்கிற் கவர்ந்த பொருளாகும்.

அவ்வாறாயின் இலங்கையில் ஏன் அது பெய்வதில்லை? நமது நாடு நிலநடுக்கோட்டுக்கு அண்மையில், வட அகலக்கோடு ஏறக்குறைய 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் அமைந்திருப்பது ஒரு காரணம். ஆனால், அது மட்டும் போதிய விடையாகாது. ஆபிரிக்காவிலே கிளிமாஞ்சாரோ மலை நிலநடுக்கோட்டுக்கு நம்மைவிட அண்மையில் உள்ளது. எனினும், அதன் உச்சியிற் பனிக்கட்டி உண்டு. வேறுபாடு உயரத்தில் அடங்கியுள்ளது. கிளிமாஞ்சாரோவின் உயரம் 5,895 மீற்றர். நமது நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலையோ 2,524 மீற்றரே.

மேலே செல்லச் செல்லக் காற்றுக் குளிர்கிறது. சராசரியாக ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் ஏறக்குறைய ஆறரைப் பாகை செல்சியஸ் வெப்பம் குறைகிறது. கண்டி நகர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றரில் உள்ளது. நுவரெலியா 1,868 மீற்றரில் உள்ளது. ஆகவே, கண்டியைவிட நுவரெலியா எட்டு அல்லது ஒன்பது பாகை குளிர்ந்திருத்தல் வேண்டும் என்று கணக்குக் காட்டுகிறது. உண்மையும் அதனையொட்டியே இருக்கிறது. இக்கணக்கின்படி, நமது வானத்திலே வெப்பநிலை பூச்சியத்தைத் தொடும் உயரம் ஏறக்குறைய 4,500 மீற்றர் முதல் 5,000 மீற்றர் வரை ஆகும். பீதுருதாலகாலையின் மேல் அத்தகைய இன்னொரு மலையைத் தூக்கி வைத்தால்தான் நிலையான பனியின் எல்லையை எட்டலாம். வெண்பனி விழுந்தாலும் தரையை அடையுமுன்னர் உருகிப்போவது இதனாலேயே.

விழுந்தாலும் என்ற சொல்லை நேயர்கள் கவனித்தல் வேண்டும். பல்லேகலவின் வானத்திலும் பனி உண்டு என்பதே இங்கு கூறவேண்டிய அரிய உண்மை. பிற்பகலில் இடியுடன் கூடிய மழை திரளும்பொழுது, முகிலின் தலை பத்துக் கிலோமீற்றர் உயரத்துக்கும் மேலே செல்கிறது. அங்கே கடுங்குளிர். அங்கே பனிப்பளிங்குகள் தோன்றி, ஒன்றோடொன்று மோதி, ஒட்டி, பாரமடைந்து கீழே விழத் தொடங்குகின்றன. ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர் உயரத்தைக் கடந்ததும் அவை உருகி மழைத்துளிகளாகின்றன. எல்லா மழையும் இவ்வாறு பிறப்பதன்று. வெப்பமண்டலத்தில் முகிலின் நீர்த்துளிகள் தாமே ஒன்றுசேர்ந்தும் மழையாவதுண்டு. எனினும், பெரிய இடிமழையில் நமது கூரைமேல் விழும் துளிகளிற் பல, சற்று நேரத்துக்கு முன்னர் உண்மையான பனியாக இருந்தவையே. முற்றத்து மழையில் நனைந்து விளையாடும் சிறுமி உருகிய பனியில் நனைகிறாள்; அவளுக்கு அதனை எடுத்துச் சொல்வார்தாம் வேண்டும்.

உருகாமல் வந்து சேரும் பனிக்கட்டியும் உண்டு. அதுவே ஆலங்கட்டி. முகிலின் உள்ளே மேல்நோக்கிப் பாயும் காற்று, உறைந்த கட்டிகளைத் தாங்கிப் பிடிக்க, அவைமீது நீர் மேலும் மேலும் படிந்து உறையும். பாரம் தாங்க இயலாதபோது அவை விரைந்து வீழ்கின்றன. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில், இடிமழை மிகும் வேளையில், மலைநாட்டில் எப்போதேனும் ஆலங்கட்டி மழை பெய்து, தேயிலைச் செடிகளுக்கிடையே வெள்ளையாகக் கிடப்பதுண்டு. அதைக் கண்டோர் வெண்பனி பெய்தது என்று வியந்து உரைப்பர். அது வெண்பனி அன்று. பஞ்சு அன்று, கல்.

இனி உறைபனிக்கு வருவோம். நுவரெலியாவிலும், அம்பேவலையிலும், ஹோர்ட்டன் சமவெளியிலும் காணப்படுவது இதுவே. இது வானத்திலிருந்து விழுவதில்லை, தரையிலேயே பிறக்கிறது. பகலில் ஞாயிற்றின் வெப்பத்தைப் பெற்ற நிலம், இரவில் அவ்வெப்பத்தைக் கதிர்களாக வானுக்குத் திருப்பி விடுகிறது. முகில் இருப்பின், அது போர்வைபோல அவ்வெப்பத்தைத் தடுத்து நிலத்துக்கே திருப்பியனுப்பும். முகில் இல்லாத தெளிந்த இரவில் போர்வை இல்லை. காற்றும் அசையாதிருந்தால், மேலே உள்ள சூடான காற்றுக் கீழே வந்து கலப்பதில்லை. அப்பொழுது புல்நுனியின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்குகிறது. அதனைத் தொடும் காற்றிலுள்ள நீராவி, நீராகாமலே பளிங்குகளாகப் படிகிறது. விடியும்போது புல்வெளி முழுவதும் மாப்பொடி தூவியதுபோலத் தோன்றுகிறது.

இங்கே சிலருக்கு ஓர் ஐயம் எழும். வெப்பநிலை 3 பாகை அல்லது 4 பாகை என்று வானிலை அறிக்கை கூறும் நாளிலும் புல்மேல் உறைபனி காணப்படுகிறதே, அஃது எவ்வாறு? வானிலை நிலையத்தின் வெப்பமானி, தரைக்கு மேலே ஒரு மீற்றருக்குச் சற்று அதிகமான உயரத்தில், நிழலான பெட்டிக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. தெளிந்த இரவிற் புல்லின் மட்டம் அதனைவிடச் சில பாகை குளிர்ந்திருக்கும். ஆகவே, அறிக்கையும் பொய்யன்று. புல்லும் பொய் சொல்லவில்லை.

குளிர்ந்த காற்றுப் பாரமானது. அது நீரைப்போலச் சரிவிலே வழிந்து பள்ளத்திலே தேங்கும். எனவே, மலையின் முடியைவிடப் பள்ளத்தாக்கின் அடியிலேதான் உறைபனி மிகுதியாகக் காணப்படும். சுற்றிலும் மலைகள் சூழ்ந்த கிண்ணம்போன்ற இடத்தில் அமைந்தது நுவரெலியா நகர். அங்கே பந்தயத் திடலும் ஏரிக்கரையும் போன்ற தாழ்ந்த திறந்த வெளிகள் வெண்மையுறும்போது, மேலே மரங்கள் அடர்ந்த சரிவு பச்சையாகவே இருக்கும். ஹோர்ட்டன் சமவெளியிலும் இதுவே காட்சி. பள்ளங்களிலே பத்தனைப் புல்வெளி, மேடுகளிலே காடு. பள்ளத்தில் தேங்கும் உறைகுளிர் இளமரக் கன்றுகளை வளரவிடாமை இதற்கொரு காரணம் என்று அறிஞர் கூறுவர்.

அடுத்து, காலத்தைப் பற்றிய செய்தி. விடுமுறைக் குடும்பத்துக்கு இதுவே முக்கியமானது. டிசம்பர் மாதத்தில் வடகீழ்ப் பருவக்காற்று மழை முகில்களைக் கொண்டுவருகிறது. மலைநாடு பெரும்பாலும் மூட்டமும் தூறலுமாகவே இருக்கும். குளிர் உண்டு, ஆனால், முகிற்போர்வையும் உண்டு. பின்னர் ஜனவரியின் நடுப்பகுதியிலிருந்து பெப்ரவரி வரை மழை குறைந்து, இரவுகள் தெளிவடைகின்றன. உறைபனிக்கு ஏற்ற காலம் அதுவே. ஆகவே, டிசம்பரிலே செல்லும் சிறுமி உறைபனியைக் காணாது திரும்ப நேர்வது இயல்பு. தைப்பொங்கலுக்குப் பின்வரும் வார இறுதி நாள்களில், வானம் தெளிந்திருக்கும் வேளை பார்த்துச் செல்வோர்க்கு வாய்ப்பு அதிகம். பழமொழி மார்கழியை விடுத்துத் தையையும் மாசியையும் குறித்தது, நம் முன்னோரின் கூர்த்த நோக்குக்குச் சான்றாகும்.

பயணத்தைச் சற்றுப் பார்ப்போம். பல்லேகலவிலிருந்து கண்டிக்கு வந்து, பேராதனை, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லலாம். கண்டியிலிருந்து இவ்வழி ஏறக்குறைய 77 கிலோமீற்றர். தொலைவு குறைவேயாயினும் ஏற்றம் பெரிது. 1,300 மீற்றருக்கு மேல் ஏறவேண்டும். இறம்பொடையின் வளைவுகளிலே பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும். மழை நாள்களில் மண்சரிவும் நேர்வதுண்டு. ஆகவே, காலையிற் புறப்பட்டு, பாதையின் நிலையை முன்னரே விசாரித்து, நண்பகலுக்குள் சென்று சேர்வது நலம். வழியில் மாறும் பயிரைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது நல்ல பாடமாகும். பல்லேகலவின் அயலிலே தென்னையும் கொக்கோவும் மிளகும். கம்பளை தாண்டியதும் தேயிலை. மேலே சென்றதும் கோவாவும் கரட்டும் லீக்சும் உருளைக்கிழங்கும். உயரம் என்பது எண்ணன்று, கண்ணாற் காணும் பொருள் என்பது அப்போது அவர்களுக்கு விளங்கும்.

புகைவண்டிப் பாதையும் மலையேறிய வரலாறு உடையது. கண்டிக்கு 1867-ஆம் ஆண்டிலும், நானுஓயாவுக்கு 1885-ஆம் ஆண்டிலும், பதுளைக்கு 1924-ஆம் ஆண்டிலும் இருப்புப்பாதை சென்றடைந்தது. நானுஓயாவுக்கு அப்பாலுள்ள பட்டிப்பொலை, 1,891 மீற்றர் உயரத்தில், நமது நாட்டின் மிக உயர்ந்த புகைவண்டி நிலையமாக விளங்குகிறது.

நுவரெலியாவை ஓய்வு நகராக்கியவர்கள் ஆங்கிலேயர். சாமுவேல் பேக்கர் என்பவர் 1848-ஆம் ஆண்டில் அங்கே பண்ணை அமைத்து, இங்கிலாந்து நாட்டுப் பயிர்களையும் கால்நடைகளையும் கொண்டுவந்தார். ஹக்கலைத் தாவரத் தோட்டம், சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்க்கும்பொருட்டு, 1861-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1872 முதல் 1877 வரை தேசாதிபதியாக இருந்த வில்லியம் கிறெகரியின் பெயரை அங்குள்ள ஏரி தாங்கி நிற்கிறது. கொழும்பின் ஏப்பிரல் வெப்பத்துக்கு அஞ்சியே அவர்கள் மலையேறினர். ஆதலின், மலர்க்காட்சியும் குதிரைப் பந்தயமும் கொண்ட வசந்தகால விழா இன்றும் ஏப்பிரலிலேயே நடைபெறுகிறது. தமிழ்க் குடும்பங்களோ வழியில் இறம்பொடை அனுமார் கோயிலையும், ஹக்கலைக்குச் செல்லும் பாதையிலே சீதா எலியவில் உள்ள சீதையம்மன் கோயிலையும் வணங்கிச் செல்வர்.

ஹோர்ட்டன் சமவெளி நுவரெலியாவிலிருந்து ஏறத்தாழ 32 கிலோமீற்றர் தொலைவில், கடல்மட்டத்துக்கு மேல் 2,100 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயரால் அது வழங்குகிறது. 1969-ஆம் ஆண்டில் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988-ஆம் ஆண்டிலே தேசிய பூங்காவாகவும் அது பிரகடனம் செய்யப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அச்சமவெளி நீர் வழங்குகிறது. பல்லேகலவின் அருகே ஓடும் மகாவலியின் நீரில் ஒரு பங்கு அங்கே புல்மேல் உறைந்து உருகிய பனியாகவும் இருக்கலாம். மரைகள் மேயும் அப்புல்வெளியில் உணவுப் பொதிகளை எறிவதும், மரைக்குக் கையால் உணவு ஊட்டுவதும் தகா. உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறைக்குச் செல்லும் நடை நீண்டது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதிகாலைக் குளிரில் அவ்வழி முழுவதையும் நடப்பது அறிவுடைமையன்று. தாயும் தந்தையும் மாறி மாறி மூத்த பிள்ளையை மட்டும் சிறிது தூரம் அழைத்துச் சென்று, புல்லின்மேல் வெண்மையைக் காட்டித் திரும்புவது போதும்.

இவ்விடத்தில் உடல்நலம் பற்றிய சில செய்திகள் இன்றியமையாதன. குழந்தையின் உடல் சிறிதாயினும் எடைக்கு ஏற்ப அதன் தோற்பரப்பு அதிகம். ஆதலின், பெரியோரைவிட விரைவிலே அது வெப்பத்தை இழக்கும். தடித்த ஓர் உடையைவிட, மெல்லிய உடைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவித்தல் சிறந்தது. அவற்றிடையே தங்கும் காற்றே உண்மையான போர்வை. தலைக்குத் தொப்பியும் காலுக்கு உறையும் வேண்டும். நனைந்த உடையை உடனே மாற்றல் வேண்டும். அதே வேளை, உறங்கும் குழந்தையின் முகத்தை மூடுவதும், அளவு மீறிப் போர்த்துவதும் தீங்கானவை. இழுப்பு நோயுள்ள பிள்ளைக்குக் குளிர்காற்று மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும்; மருத்துவரின் ஆலோசனையும் உரிய மருந்தும் கைவசம் இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் கொடியது குளிரன்று. குளிருக்கு அஞ்சி மூட்டும் நெருப்பே. அறையின் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு, உள்ளே கரியடுப்பை அல்லது தணற்சட்டியை வைத்துக்கொண்டு உறங்குவோர் சிலர் உளர். கரி முற்றாக எரியாதபோது காபன் ஓரொட்சைட்டு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரிவதில்லை, இருமல் வருவதில்லை. அது குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாகப் பிணைந்துவிடுகிறது. தலைவலி, மயக்கம், குமட்டல், இவற்றைத் தொடர்ந்து உறக்கம். அவ்வுறக்கத்திலிருந்து எழாமலே போனவர்கள் பல நாட்டு மலைநகரங்களிலும் உண்டு. புகை அடங்கிய தணலாயிற்றே, இனி ஆபத்தில்லை என்று எண்ணுவது பெரும் பிழை. தணலே அவ்வாயுவை மிகுதியாகத் தருவது. ஆகவே, கரியடுப்பு ஒருபோதும் உறங்கும் அறைக்குள் வரலாகாது. ஒரே அறையில் இருவருக்குத் தலைவலியும் மயக்கமும் ஒருங்கே தோன்றின், உடனே கதவுகளைத் திறந்து, அனைவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 1990 என்னும் இலக்கத்தில் இலவச நோயாளர் வண்டியை அழைத்தல் வேண்டும். வெந்நீர்ப் போத்தலைத் துணியிற் சுற்றிப் படுக்கையில் வைப்பதும், கூடுதலாக ஒரு கம்பளி கேட்டுப் பெறுவதும் உயிருக்கு ஊறு செய்யா.

குளிர் காண வருவோர் இரண்டு நாளிலே திரும்பிவிடுவர். குளிரிலேயே வாழ்வோரைப் பற்றியும் பிள்ளைகள் அறிதல் வேண்டும். உறைபனி விழுந்த காலையில் விருந்தினர் ஒளிப்படம் எடுக்கும்போது, அப்பள்ளத்திலே தேயிலை வைத்திருக்கும் தோட்டத்துக்கு அஃது இழப்பின் தொடக்கம். இலையின் உள்ளே நீர் உறைந்து இழையங்கள் சிதைகின்றன. ஞாயிறு எழுந்ததும் தளிர் கபில நிறமாகிக் கருகுகிறது. கொழுந்து மீண்டும் தளிர்க்கப் பல வாரங்கள் செல்லும். கொழுந்து குறைந்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் நாட்பெயர் அரைப்பேராகும். உருளைக்கிழங்கு பயிரிடுவோரும் அன்று கதிரவன் எழுமுன்னரே எழுந்து, செடிகளின்மேல் நீரைத் தெளித்துப் பனியைக் கழுவுகின்றனர். ஒருவர்க்கு விழாவாய் இருப்பது மற்றொருவர்க்குக் கூலியின் இழப்பாய் இருக்கிறது.

இம்மலைகளின் குளிரை முதலில் ஏற்றவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரின் முன்னோரே. 1820-களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள், வெப்பமான சமவெளிகளிற் பிறந்தவர்கள். கால்நடையாகக் காடுகளைக் கடந்து கண்டிச் சீமைக்கு ஏறியவர்கள். நோயாலும் களைப்பாலும் குளிராலும் வழியிலேயே மாண்டோர் பலர். கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் 1867-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். 1869-ஆம் ஆண்டிலிருந்து கோப்பியை நோய் தாக்கியது. தேயிலை மேலும் உயரமான மலைகளுக்கு ஏற, அவர்களும் அதனுடன் ஏறினர். தகரக் கூரையின்கீழ் லயத்துக் காம்பிராவிலே, ஒரு கம்பளியை இருவர் பகிர்ந்து, பிரட்டுக்களத்துக்கு இருளோடு எழுந்து சென்ற அந்த வாழ்வே இன்று நாம் காணும் பசுமையின் அடித்தளம்.

ஆதலின், பல்லேகலவிலிருந்து மலையேறும் குடும்பம் தன் மூட்டையிலே, பிள்ளைகளுக்குச் சிறியனவாகிவிட்ட நல்ல கம்பளிச் சட்டைகள் சிலவற்றையும் எடுத்துச் செல்லலாம். வாங்குவோர் நாணாதவாறு, கோயிலின் மூலமாகவோ பாடசாலையின் மூலமாகவோ அவற்றைச் சேர்ப்பித்தல் நன்று. குளிரால் நடுங்கியது என்று எண்ணி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்த பேகனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக வைத்துப் போற்றும் மரபு நம்முடையது. மயிலுக்குப் போர்வை தேவையில்லாதிருந்திருக்கலாம். தேவையுள்ள மனிதக் குழந்தைகள் தேயிலை மலைகளில் உள்ளனர்.

உண்மையான வெண்பனியைக் காணவேண்டுமாயின், நமக்கு மிக அண்மையான இடம் இமயமலையே. அது வடக்கே ஏறக்குறைய 2,500 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. செலவு மிகுந்த அப்பயணம் எல்லார்க்கும் இயல்வதன்று. கனடாவிலும் நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் குடியேறிய நம்மவரைக் கேட்டாலோ வேறொரு கதை சொல்வர். முதல் நாட் பனி அவர்களுக்கும் வியப்பே. பின்னர், வேலைக்குப் போகுமுன் வாசலில் முழங்காலளவு கிடக்கும் பனியை மண்வெட்டியால் அள்ளுவதும், வழுக்கும் பாதையில் அஞ்சி நடப்பதும், நான்கு மணிக்கே இருண்டுவிடும் மாலைகளில் ஊரை நினைப்பதுமே அவர்களின் பனிக்காலம். வாழ்த்து மடலில் அந்தப் பக்கம் அச்சாவதில்லை.

பயணம் செய்ய இயலாத குடும்பத்துக்கும் ஒரு வழி உண்டு. பல்லேகல வீட்டின் குசினியிலேயே உறைபனியைப் பிறப்பித்துப் பார்க்கலாம். வெறும் தகரப்பேணி ஒன்றை எடுத்து, அதன் புறத்தை நன்றாகத் துடைத்து உலரவைத்தல் வேண்டும். நொறுக்கிய பனிக்கட்டி மூன்று பங்கும் கறியுப்பு ஒரு பங்கும் அதில் இட்டுக் கலக்குதல் வேண்டும். உப்புச் சேர்ந்ததும் பனிக்கட்டி உருகத் தொடங்கும்; உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுப்பதால், கலவையின் வெப்பநிலை பூச்சியத்துக்குப் பத்துப் பாகைக்கும் கீழே இறங்கும். சில நிமிடங்களிலே பேணியின் புறத்தில் வெள்ளைப் பொடி படியத் தொடங்கும். அது பேணிக்குள்ளிருந்து கசிந்ததன்று. பல்லேகலவின் காற்றிலிருந்த நீராவியே. ஹோர்ட்டன் சமவெளியின் புல்மேற் படிவதும் இதே பொருள், இதே முறை. பிள்ளைகள் பேணியை வெறுங்கையால் நெடுநேரம் பற்றாதபடி பெரியோர் அருகிருந்து பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

சிறுமியின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். வாழ்த்து மடலிலுள்ள பனி நமது நாட்டில் விழுவதில்லை. ஆனால், நமது முகில்களில் அது பிறக்கிறது. நமது மழையில் அது கரைந்திருக்கிறது. தை, மாசி மாதத் தெளிந்த இரவுகளில் அதன் உடன்பிறப்பு நமது மலைப்பள்ளங்களிலே பூக்கிறது. பெற்றோர் இதனை அறிந்து சொல்வாராயின், விடுமுறையில் மூட்டமே கண்டு திரும்பும் பிள்ளையும் ஏமாற்றம் அடையாது. காலநிலையைக் கணித்துப் புறப்படுதல், பிஞ்சு உடலைக் காத்தல், மூடிய அறையில் நெருப்பை விலக்கல், மலையில் உழைப்போரை மதித்தல் ஆகிய நான்கும் கூடினால், குறுகிய விடுமுறையும் பயனுள்ளதாகும். போனவர் நால்வரும் நலமே திரும்பி வீடு சேர்வதே எந்த விடுமுறைக்கும் முதற் சிறப்பு.